பிளேடு உறையில் ஐந்து கோடு

கேள்வி: ஐயா, வேலைக்காகக் கோவையிலிருந்து பெங்களூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. கார்ட்ரிட்ஜ் ரேசருக்குக் காசு கொடுத்து மாளவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது அப்பாவின் பழைய பித்தளை ரேசர் செட்டை எடுத்து வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடைப் போட்டுத் திருகி மூடுவது. ஒரு பிளேடு எத்தனை நாளைக்கு வரும்? அப்பா, "நான் ஒரு மாசம் ஓட்டுவேன்" என்கிறார். ரூம்மேட், "ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும்டா" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— 26 வயது வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: தம்பி, இரண்டு பேரும் சொல்வது சரியில்லை. அப்பா ஒரு மாதம் ஓட்டுகிறார் என்றால், ஒன்று அவருக்கு வாரம் ஒரு சவரமாக இருக்கும், இல்லை தோல் மரத்துப் போயிருக்கும். ரூம்மேட்டுக்குக் கையில் காசு புரள்கிறது.

முதலில் நாள் கணக்கை விடுங்கள், சவரக் கணக்கு வையுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் பிளேடு, நடுத்தரமான தாடிக்கு நாலிலிருந்து ஆறு சவரம் நன்றாக வரும். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கமும் ஐந்திலிருந்து ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. மேலிருந்து கீழே ஒரே ஒரு சுற்று இழுத்துவிட்டு முகம் கழுவுகிறவர் ஒரு ரகம். மறுபடி சோப்புப் போட்டு எதிர்வாட்டில் இன்னொரு சுற்று போகிறவர் இன்னொரு ரகம். அவர் ஒரு சவரம் என்று சொல்வது பிளேடுக்கு ஒன்றரை சவரம்.

என் கணக்கைச் சொல்கிறேன். பீன்யாவில் ஒரு டூல் ரூமில் 34 வருஷம் கிரைண்டிங் பார்த்தவன் நான். கூர் பிடித்துக் கொடுத்துத்தான் சோறு சாப்பிட்டேன். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த புதிதில் கை சும்மா இருக்கவில்லை. பிளேடைச் சுற்றி வரும் மெழுகுக் காகித உறை இருக்கிறதே, அதைக் கிழித்துப் போடாமல் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஒவ்வொரு சவரம் முடிந்ததும் அதில் பென்சிலால் ஒரு கோடு. பிளேடு சரியில்லை என்று கழற்றுகிற அன்றைக்குக் கோட்டை எண்ணித் தனியாக எடுத்து வைப்பேன். "பால் கணக்கு எழுதற மாதிரி இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. பால் கணக்குதான்.

ஒன்றுவிட்டு ஒருநாள் சவரம். ஆறு மாதம் ஆனபோது 17 உறைகள் சேர்ந்திருந்தன. ஒன்பதில் ஐந்து கோடு, ஐந்தில் நாலு கோடு, இரண்டில் ஆறு கோடு. மிச்சம் ஒன்றில் மட்டும் பதினொரு கோடு. அந்தப் பதினொன்றின் கதையை அப்புறம் சொல்கிறேன்.

எதை வைத்துக் கழற்றினேன் என்று கேட்பீர்கள். காதை வைத்து. புது பிளேடு தாடியில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவது போலச் சரசரவென்று. முதல் சவரம் சிலருக்குச் சற்றுக் கடுமையாகத் தெரியும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் சுகம். நாலாவதில் ஒன்றும் தெரியாது. ஐந்தாவதில் அந்தச் சரசரப்பு அடங்கி ஒரு மொத்தைச் சத்தமாக மாறும். அதே நேரத்தில் மோவாய்க்குக் கீழே, கழுத்தில் முடி சுழி போட்டு வளர்கிற இடத்தில் பிளேடு 'பிடிக்கும்'. வெட்டாமல் முடியைப் பிடித்து இழுத்து, அப்புறம்தான் விடும். கண்ணில் லேசாக நீர் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், அந்தச் சவரத்தை முடித்துக்கொண்டு பிளேடைக் கழற்றிவிட வேண்டியது. கன்னத்தில் நன்றாகத்தானே போகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். கன்னத்து முடி சாது. மோவாயும் கழுத்தும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இரும்பை முடி எப்படி மழுக்கும் என்று பட்டறையில் பையன்கள் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. பிளேடு எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. சும்மா இல்லை, 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடேற்றி, மூன்று கட்டமாகக் கிரைண்ட் செய்து, தோலில் தீட்டி, அதற்கும் மேல் மெல்லிய பூச்சுகள் கொடுத்து அனுப்புகிறார்கள். இத்தனையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள தகட்டில். நான் வாழ்நாளில் பிடித்த எந்தக் கூரும் இதன் பக்கத்தில் நிற்காது.

அப்படிப்பட்டது தேய்ந்து தேய்ந்து மழுங்குகிறது என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்தோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆட்கள் சவரம் செய்த பிளேடுகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்வதைவிடப் பொடிப் பொடியாக உடைந்துதான் போகிறது. முடி நட்டமாக நின்று நேராக வெட்டுப்பட்டால் பிளேடுக்கு ஒன்றும் ஆவதில்லை. முடி வளைந்து கொடுத்து, பிளேடு சாய்வாகப் பட்டு, அந்த இடத்தில் எஃகின் உள்கட்டும் ஒரே சீராக இல்லாமல் இருந்தால், அங்கே ஒரு துணுக்கு தெறித்துவிடுகிறது. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பட்டறையில் நாங்கள் சொல்வோம்: மெத்தென்ற இரும்பு மழுங்கும், முறுக்கான இரும்பு உதிரும் என்று.

வேலையில் இருந்தபோதே ஒருநாள் சட்டைப் பையில் புது பிளேடு ஒன்றும் பழசு ஒன்றும் போட்டுக்கொண்டு போய், டீ நேரத்தில் எங்கள் டூல் ரூம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புது பிளேடின் விளிம்பு ஒரு கறுப்புக் கோடு. வெளிச்சம் அதில் தங்கவே இல்லை. நல்ல கூருக்கு அதுதான் அடையாளம், வெளிச்சம் தங்க அங்கே இடம் இருக்காது. பழசில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மினுமினுப்பு. ஒவ்வொரு மினுக்கும் ஒரு பல் விழுந்த இடம். கிழவன் வாயைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆகவே, பிளேடு கூடுதலாக வர வேண்டும் என்றால் முடி சுலபமாக வெட்டுப்பட வேண்டும். அதற்கு முதல் வழி ஊறவைப்பது. குளித்த கையோடு சவரம் செய்யுங்கள். இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டு வையுங்கள். தண்ணீர் குடித்த முடியை வெட்டக் கணிசமாகக் குறைந்த விசை போதும். வறட்டு முகத்தில் நுரையை அப்பிய வேகத்தில் இழுக்கிற அவசரக்காரருக்கு மூன்று சவரத்திலேயே பிளேடு போய்விடும்.

அப்புறம், கார்ட்ரிட்ஜ் பழக்கத்தில் அழுத்தாதீர்கள். பித்தளை ரேசரின் கனமே போதும். மேல்மூடியின் விளிம்பைக் கன்னத்தில் வைத்து, பிளேடு தொடுகிற வரைக்கும் கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். அந்தச் சாய்வுதான் சாய்வு. பிளேடைப் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்த்துத் திருகுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை பக்கத்தை மாற்றினால் இரண்டு கூரும் சமமாக உழைக்கும். முடிந்ததும் கழுவி உதறி வைத்தால் போதும். துண்டால் விளிம்பைத் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பிளேடும் கெடும், துண்டும் கிழியும், ஒருநாள் விரலும் போகும்.

சரி, அந்தப் பதினொரு கோடு. எவ்வளவு தூரம்தான் போகும் பார்ப்போமே என்று ஒரு பிளேடை வேண்டுமென்றே கழற்றாமல் விட்டேன். ஏழாவதில் எரிச்சல், எட்டாவதில் கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளி. அதற்குள் பெண்ணின் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. அன்றைக்காவது புதுசு போட்டிருக்கலாம். கணக்கு பாதியில் நிற்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். மழுங்கின பிளேடு வெட்டாதபோது கை தன்னையறியாமல் அழுத்தும், அழுத்தினால் முடியை விட்டுவிட்டுத் தோலை எடுக்கும். இடது தாடையில் ஒரு அங்குல நீளத்துக்குக் கோடு விழுந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன், தழும்பை நிறுத்த முடியவில்லை. நிச்சயதார்த்தப் போட்டோ எல்லாவற்றிலும் நான் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு ஏதோ மனஸ்தாபம் போலத் தெரியும். சம்பந்தியம்மா இன்றைக்கும் கேட்கிறார். ஒரு டீயின் காசில் இரண்டு பிளேடாவது வந்துவிடும், தம்பி.

கேள்வி: எங்கள் அப்பார்ட்மெண்டில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். அல்சூரில் அக்கா வீட்டில் தங்கினால் அதே பிளேடு சுகமாகப் போகிறது. தண்ணீர் பிளேடைக் கெடுக்குமா?
— வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: நேராகக் கெடுக்காது, சுற்றி வளைத்துக் கெடுக்கும். உங்கள் அக்கா வீட்டுக்கு வருவது 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து கொண்டுவரும் காவிரித் தண்ணீர். உங்களுடையது பாறைக்குள்ளிருந்து உறிஞ்சியது. அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். சோப்பு இரண்டோடும் சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிகிறதே ஒரு வெள்ளைக் கசடு, அதுவாகிவிடும். நுரை எழும்பாது, எழும்பினாலும் நிற்காது. நுரை நிற்காவிட்டால் முடி காயும், பிளேடு வழுக்காது, நீங்கள் அழுத்துவீர்கள். மீதிக் கதைதான் மேலே இருக்கிறதே.

நானும் கொஞ்ச நாள் போர்வெல் வீட்டில் குடியிருந்தவன். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரே ஒரு டம்ளர் எடுத்துச் சுடவைத்து, பிரஷ்ஷை நனைக்கவும் நுரை கட்டவும் அதை மட்டும் பயன்படுத்துவேன். முகம் கழுவ எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை. கடைசியாக பிளேடையும் அந்த நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசினால் உப்புப் படியாது. இப்படிச் செய்ததில் ஒரு பிளேடுக்கு ஒன்றரைச் சவரம் கூடுதலாக வந்தது என்பது என் அனுபவம்.

கேள்வி: எனக்கு 71 வயது. அந்தக் காலத்தில் பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, விரலால் அழுத்திப் பத்துத் தடவை முன்னும் பின்னும் தேய்ப்போம். மறுபடி கூர் வந்துவிடும், இரண்டு வாரம் ஓடும். இப்போது தேய்த்தால் ஒரு பலனும் இல்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறானா?
— மூத்த வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: வணக்கம் ஐயா. அந்த டம்ளர் வைத்தியத்தை என் அப்பா செய்து நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஓரம் உடைந்த டம்ளர் ஒன்று ஜன்னல் விளிம்பில் இருந்தது. வேறு யாரும் அதில் தண்ணீர் குடிக்கக் கூடாது.

ஏமாற்று ஒன்றும் இல்லை. பிளேடின் ஜாதி மாறிவிட்டது. கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர் தூக்கி எறிகிற பிளேடு என்று யோசனை சொன்னபோது, காகிதம் போன்ற தகட்டைக் கூர் பிடிக்கும் அளவுக்கு முறுக்கேற்ற முடியாது என்று வல்லுநர்களே கைவிரித்தார்கள். நிக்கர்சன் என்ற இன்ஜினியர்தான் உட்கார்ந்து அந்த வித்தையைக் கண்டுபிடித்தார். என்னைக் கேட்டால் பிளேடு உறையில் அவர் படம்தான் இருந்திருக்க வேண்டும். 1903-ல் முதன்முதலாக விற்றபோது போனது 51 ரேசர், 168 பிளேடு. ரேசருக்கு மூன்று பிளேடுதான் கணக்கு வருகிறது, பாவம், அவர்கள் எத்தனை சவரம் ஓட்டினார்களோ.

அந்த ரகம் எல்லாம் கார்பன் எஃகு. அதன் விளிம்பு உடைவதைவிட மடங்கும், கூடவே துருவும் பிடிக்கும். கண்ணாடியில் தேய்த்தால் மடங்கினது நிமிரும், துருவும் போகும். நீங்கள் புதுக் கூர் பிடிக்கவில்லை, படுத்ததை எழுப்பி உட்காரவைத்தீர்கள். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு பூச்சுப் போட்ட ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்த பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் வாங்கும் டோபாஸ், செவன் ஓ கிளாக் எல்லாம் அந்த வம்சம்தான். துரு சுலபத்தில் பிடிக்காது. விளிம்பில் நம் தோசைக்கல் நான்ஸ்டிக் பூச்சு இருக்கிறதே, அதே சரக்கு இழையளவு பூசியிருக்கும். டம்ளரில் தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான். உதிர்ந்த பல்லை எந்த டம்ளரும் முளைக்கவைக்காது. நீங்கள் டம்ளரில் மோர் குடியுங்கள் ஐயா.

பி.கு: பிளேடைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வைத்தால் கூடுதலாக உழைக்குமா என்று இதே வாரம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கார்பன் பிளேடு காலத்தில் துருவுக்காகச் செய்தது அது. இப்போது எண்ணெய்தான் வீண்.

கேள்வி: சலூனில் பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைத்தான் போடுகிறார்கள். கஞ்சத்தனமா?
— வாசகர், சிவாஜிநகர்

பதில்: இல்லை, அந்தக் கத்தியின் அமைப்பே பாதி பிளேடுக்குத்தான். உறையோடு நீளவாட்டில் மடக்கி 'டக்'கென்று உடைப்பார்கள். மீதிப் பாதி அடுத்த ஆளுக்கு. உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து எடுத்தால் உட்காருங்கள். ஏற்கெனவே கத்தியில் மாட்டியிருந்தால் "புதுசு போடுங்கண்ணா" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். மாரத்தஹள்ளித் தம்பி, நீங்களும் ரூம்மேட்டும் ரேசரைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். நண்பன்தானே என்று பிளேடு பார்க்காது.

கேள்வி: ஒரு பிளேடைப் பற்றி இவ்வளவா? நீங்களே பெரிய பிளேடாக இருக்கிறீர்களே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஜெயநகர்

பதில்: புது பிளேடு அறுக்காது, வழித்துக்கொண்டு போய்விடும். நான் ஒன்பது வருஷப் பழசு.

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய பிளேடுகளைப் பாத்ரூம் ஜன்னலில் அடுக்கி வைக்கிறார். நகம் வெட்ட, தையல் பிரிக்க என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் குப்பையைக் கொட்டும்போது எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் பவுரகார்மிகர் அம்மாவின் விரலை ஒரு பிளேடு கிழித்துவிட்டது. எனக்கு மனசே சரியில்லை. எப்படித்தான் எறிவது?
— வாசகி, மர்பி டவுன்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பவுரகார்மிகர் டி.டி. ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேட்டுவிடுங்கள். போடவில்லை என்றால் நீங்களே பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வீட்டு பிளேடு, யார் ரத்தம் பட்டது என்று அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜன்னல் பிளேடுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தையல் பிரிக்க ஒன்று வேண்டும் என்றால் ஒரு பக்கத்தைத் தடித்த டேப்பால் ஒட்டித் தையல் டப்பாவுக்குள் வையுங்கள். நகத்துக்கு நகவெட்டி வாங்குங்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் பிளேடால் நகம் வெட்டுவது பெரிய வம்பில் கொண்டுபோய் விடும்.

என் ஏற்பாடு இது. பால்கோவா கிளறக் கண்டென்ஸ்டு மில்க் வாங்குவோமே, அந்தத் தகர டப்பா. அதைத் திறக்கும்போது மூடியை முழுக்க வெட்டாமல், ஆணியால் இரண்டு துளை மட்டும் போட்டுப் பாலை ஊற்றிக்கொள்ள வேண்டும். வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கழுவிக் காயவைத்து, தட்டையான உளியால் மேலே ஒரு பிளேடு நுழைகிற அளவு பிளவு போட்டால் உண்டியல் தயார். கழற்றின பிளேடு நேராக உள்ளே போகும், திரும்பி வெளியே வராது. நிரம்பியதும் பிளவைச் சுத்தியலால் தட்டி மூடிவிட வேண்டும். குப்பை வண்டியில் கலந்து போடாமல், 'உள்ளே பிளேடு' என்று மேலே கன்னடத்தில் எழுதி, கையில் கொடுத்து வாயாலும் சொல்லிவிடுங்கள். டப்பா இல்லாத வீட்டில் பிளேடை அதன் உறையில் சுற்றி, அதன் மேல் நியூஸ்பேப்பரும் டேப்பும் சுற்றித் தனியாகக் கொடுக்கலாம்.

எனக்கு வருஷத்துக்கு முப்பத்தாறு பிளேடு ஆகிறது. ஒன்பது வருஷமாகப் போட்டு வருகிறேன், டப்பா பாதிகூட நிரம்பவில்லை. ஆட்டினால் சில்லறை மாதிரி கலகலக்கும். போன மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நாலு வயசுப் பேத்தி, "தாத்தா, எனக்கு உண்டியல்" என்று ஓடி வந்தாள். அன்றையிலிருந்து டப்பா பரண் மேல் இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை ஸ்டூல் போட்டு ஏறி இறங்குகிறேன்.